பட்டறைக் காதும் பைக் சத்தமும்

இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் தொழிலில் கைக்கும் கண்ணுக்கும் நிகரான இடம் காதுக்கு உண்டு. வண்டி பட்டறை வாசலுக்கு வந்து நிற்பதற்குள், அது வந்த சத்தத்தைக் கொண்டே டேப்பெட் இடைவெளி கூடியிருக்கிறதா, டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா, பெண்ட் பைப் சேருமிடத்தில் கேஸ்கட் போயிருக்கிறதா என்பதை மூத்த மெக்கானிக் ஏறத்தாழத் தீர்மானித்துவிடுவார். ஐயம் தீராதபோது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் உறைமேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் வைத்து, ஓசை எந்தப் பகுதியில் பிறக்கிறது என்று தேடுவார். இப்படிக் கேட்டுப் பழகிய தொழிலாளரிடம்தான், வண்டியின் சத்தத்தைக் கூட்டித் தரும்படி கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் அழகும் பெருமிதமும் இருந்தாலும், வீட்டாரையும் பட்டறைக்காரரையும் ஒருசேர இணங்கவைப்பது பாதுகாப்பு என்னும் காரணமே: சத்தம் பெரிதாக இருந்தால்தான் பஸ்ஸும் காரும் ஒதுங்கும், நடந்து போகிறவர் விலகுவார் என்பது அவர்களுடைய வாதம். பட்டறை அனுபவமும் விபத்து ஆய்வுகளும் ஒலியியலும் இவ்வாதத்தை எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் தறுவாயில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. அந்தக் கணத்திலும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு மிகுதியாக இருப்பதால், வாயு மெல்ல ஒழுகாமல் ஒரே உந்தலாகப் பெண்ட் பைப்புக்குள், அதாவது எஞ்சின் தலையிலிருந்து வளைந்து கீழிறங்கிச் சைலன்சரைச் சேரும் குழாய்க்குள், பாய்கிறது. இந்த அழுத்த அலை அப்படியே வெளியே வந்தால் துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்கும். அதைத் தணிக்கச் சைலன்சருக்குள் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதல் வழியில், உள்ளே பல அறைகளும் துளையிட்ட குழல்களும் தடுப்புத் தகடுகளும் அமைக்கப்பட்டு, ஓர் அறையிலிருந்து திரும்பும் அலை அடுத்து வரும் அலையோடு மோதி ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளுமாறு செய்யப்படுகிறது. வண்டியோடு கம்பெனியிலிருந்து வரும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இவ்வகையின. இரண்டாம் வழியில், துளையிட்ட நேர்க்குழலைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு திணிக்கப்படுகிறது; அலை அந்த இழைகளுக்குள் புகுந்து உராய்ந்து வெப்பமாக மாறுகிறது. கடைகளில் ஃப்ரீ ஃப்ளோ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பஞ்சு கீச்சென்ற உயர்சுருதி ஓசையை நன்றாக உறிஞ்சும். ஆனால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அடித்தொண்டை முழக்கத்தை அதனால் அவ்வளவாகத் தணிக்க முடியாது. வெப்பத்தில் பஞ்சு கருகி, வாயுவோடு சிறிது சிறிதாக வெளியேறிவிடுவதால், வாங்கிய மாதத்தில் பொறுக்கத்தக்கதாக இருந்த சத்தம் ஓராண்டுக்குள் பொறுக்க முடியாததாகிவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் வண்டிச் சத்தத்தின் மீதுள்ள பற்றுக்கு ஒரு தொழில் வரலாறும் பின்னணியாக இருக்கிறது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்து, முதலில் இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் பின்னர் பொதுமக்களுக்கும் புல்லட் வண்டிகளைத் தந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சிசி எஞ்சின், நிற்கும்போது நிமிடத்துக்கு 900 சுற்று அளவில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே வெடிப்பதால், நொடிக்கு ஏழெட்டு முறைதான் வெடிக்கும். நொடிக்கு ஏறத்தாழ 20-க்குக் குறைவாக வரும் துடிப்புகளை மனிதக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. அதற்கு மேல் போனால் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாகிவிடுகின்றன. புல்லட்டின் ‘டப் டப்’ என்னும் நடையில் மக்கள் கேட்டு மகிழும் இதயத் துடிப்பு இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. அதற்குச் சத்தத்தின் அளவு காரணமல்ல. கம்பெனிச் சைலன்சர் பூட்டிய பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் அந்த நடையை அடக்கமாகவே வெளிப்படுத்தியது என்பதை அக்காலத்து வண்டிகளில் வேலை செய்தவர்கள் நன்கறிவர். அந்த நடையை இன்னும் உரக்கக் கேட்க விரும்பியவர்கள், சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கோல்ட்ஸ்டார், மெகாபோன், ஷார்ட் பாட்டில், டால்பின் என்றெல்லாம் வடிவத்தைக் கொண்டு பெயரிடப்பட்ட வெளிச்சந்தைச் சைலன்சர்களை வாங்கிப் பூட்டத் தொடங்கினார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது; சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் எரிந்த வாயு வெளியேறும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியே ஓடப் பார்க்கும். விரிந்து பின் குறுகும் கூம்பு வடிவத்தில் அமைந்த எக்ஸாஸ்ட் குழாய், முதலில் எரிந்த வாயுவை இழுத்தும், பிறகு திரும்பி வரும் அழுத்த அலையால் ஓடிப்போகும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளியும் உதவுகிறது; ஆகவே அவ்வண்டியில் எக்ஸாஸ்ட் அமைப்பு எஞ்சினின் ஓர் உறுப்பாகவே வேலை செய்கிறது. அதன் பின்முனையில் செருகியிருக்கும் உட்குழலைக் கார்பன் எடுப்பதற்காகக் கழற்றி, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மறுபடி பூட்டுவது பட்டறையின் வழக்கமான வேலை. அதைத் திரும்பப் பூட்ட வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துச் சென்றவர்கள், வண்டி சீறுவதைக் கேட்டு வேகம் கூடிவிட்டதாக நம்பினார்கள். உண்மையில் குறைந்த சுற்றுகளில் இழுவை தளர்ந்ததால் அவர்கள் ஆக்சிலரேட்டரை மிகுதியாகத் திருகினார்கள், அவ்வளவே. சத்தத்தை ஆற்றலாக எண்ணும் இந்த மயக்கம் இன்றுவரை தீரவில்லை.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரை மாற்றும்போது நேரும் கேடுகள் பட்டறை மேசையில் தெளிவாகத் தெரியும். வாயு தடையின்றி வெளியேறுவதால் கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையில் காற்றின் பங்கு கூடி, பெட்ரோலின் பங்கு குறைகிறது. இதனைத் தொழிலில் லீன் கலவை என்பர். மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள திருகை, அதற்கேற்ப மாற்றாமல் விட்டால் எஞ்சின் சூடேறுகிறது; பெண்ட் பைப் நீலம் பாய்கிறது; எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகி, வால்வு சரியாக உட்காராமல் போகிறது. இதனினும் கொடியது சாவியை அணைத்துப் போட்டுப் ‘பட்டாசு’ வெடிக்கும் பழக்கம்: ஓடும் வண்டியில் தீப்பொறியை நிறுத்திவிட்டு எரியாத கலவையைச் சூடான சைலன்சருக்குள் செலுத்தி, மறுபடி பொறி கொடுத்து வெடிக்கச் செய்வதால், சைலன்சரின் பற்றவைப்புகள் பிளப்பதோடு, அந்தச் சில கணங்களில் ஓட்டுபவர் எஞ்சினின் இழுவை இல்லாமல் சாலையில் மிதக்கிறார். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்கு ஏற்ப அமைந்த வண்டிகளில், நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வெளியேறும் வாயுவிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் எக்ஸாஸ்ட் பாதையிலேயே இருப்பதால், அங்கே கைவைப்பது புகைக் கட்டுப்பாட்டையும் பெட்ரோல் செலுத்தும் கணக்கையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

எல்லாச் சத்தமும் விரும்பிச் சேர்த்த சத்தமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீருக்கு நிகரான ஆவி உண்டாகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுச் சூடு அடைவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், அந்த ஆவி உள்ளேயே நீராகித் தங்கி, இரும்பை உட்புறமிருந்து அரிக்கிறது. எண்ணூர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று வெளிப்புறமிருந்து அரிக்கிறது. நீர் வடிவதற்காகச் சைலன்சரின் அடியில் விடப்பட்டிருக்கும் நுண்துளையை ஓட்டை என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு வருபவர்கள் பலர். அடைத்த சில மழைக்காலங்களிலேயே அடிப்பாகம் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. இவர்கள் சத்தத்தை விரும்புபவர்களல்லர். புதிய சைலன்சரின் விலைக்கு அஞ்சி நாள் கடத்துபவர்கள். நாள்தோறும் அதே வண்டியில் செல்வதால் மெல்ல மெல்லக் கூடிய சத்தம் அவர்கள் காதுக்கு உறைப்பதில்லை.

இனிப் பாதுகாப்பு வாதத்துக்கு வரலாம். சத்தமான குழாய் உயிரைக் காக்கும் என்ற முழக்கம் அமெரிக்காவின் பெரிய பைக் ஓட்டுபவர்களிடையே வேரூன்றிய ஒன்று. அதன் சாயலே இங்கும் பேசப்படுகிறது. அந்நாட்டிலேயே, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறத்தாழ 900 பைக் விபத்துகள் நேரில் ஆராயப்பட்டு, 1981-ல் அறிக்கை வெளியானது. அதன்படி, விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு வேறொரு வாகனத்துடன் மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் மற்ற வாகனம் பைக்குக்கு வழிவிடத் தவறியிருந்தது. பெரும்பாலான விபத்துகளில் ஆபத்து ஓட்டுபவருக்கு நேர் முன்னாலிருந்தோ, முன்புறத்தின் இருமருங்கிலும் 45 டிகிரிக்குள்ளிருந்தோ வந்தது. அதாவது, எதிரே வந்து திரும்பும் காரோ, சந்திலிருந்து நுழையும் வாகனமோதான் பெரும் எதிரி. எக்ஸாஸ்ட் குழாயோ பின்னோக்கித் திறந்திருக்கிறது. ஆபத்து வரும் திசைக்கு நேர் எதிர்த்திசையில்தான் அது மிகுதியாக முழங்குகிறது.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒலியின் அளவைக் கூறும் டெசிபல் சாதாரணக் கூட்டல் அளவு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகிறது, ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றுகிறது. தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் திறந்தவெளியில் 6 டெசிபல் குறைகிறது. இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்குக் கீழ் 75 என்று தயாரிப்பு நிலையில் உச்சவரம்பு உண்டு; வண்டி செல்லும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்ரோஃபோனில் அது அளக்கப்படுகிறது. மாற்றுச் சைலன்சரால் 80 என்பது 95 ஆகிவிட்டது என்றே கொள்வோம். 30 மீட்டர் தொலைவில் அது 83 ஆகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருக்கும் காருக்குள், உடலும் கண்ணாடியும் 25 டெசிபல் அளவுக்குத் தடுத்தால், 58 தான் எஞ்சும். ஓடும் காருக்குள் டயர், ஏசி, பாட்டு, பேச்சு ஆகியவற்றின் சத்தமே அதற்கு மேல் இருக்கும். குழாய் பின்னோக்கி இருப்பதால் ஏற்படும் குறைவு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் அந்த 30 மீட்டரை 1.8 நொடியில் கடந்துவிடும்; ஹர்ட் அறிக்கையும், விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குக் கிடைக்கும் நேரம் பொதுவாக 2 நொடிக்கும் சற்றுக் குறைவு என்றே கூறுகிறது. ஆழ்ந்த முழக்கம் காருக்குள் சற்று எளிதாகப் புகும் என்பது உண்மையே. ஆனால் கட்டடங்கள் நெருங்கிய அண்ணா சாலை போன்ற இடத்தில் அது சுவர்களில் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கமும் கேட்பதால், கேட்பவர் இடப்புறம் பார்ப்பதா வலப்புறம் பார்ப்பதா என்று அறியமாட்டார்.

இந்தியச் சாலைகளில் பின்புறமிருந்து மோதப்படும் விபத்துகள் மிகுதி என்பதால், பின்னோக்கிய சத்தம் இங்கேனும் உதவாதா என்ற கேள்வி நியாயமானது. இதுவே எதிர்த்தரப்பின் வலுவான வாதமும்கூட. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், மோதல் வகைகளுள் பின்னாலிருந்து மோதுவதே முதலிடம் பெற்றது. அவ்வாண்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆனால் பின்னால் வருவது பெரும்பாலும் தன் எஞ்சின் இரைச்சலுக்குள் அமர்ந்திருக்கும் லாரி அல்லது பஸ் ஓட்டுநர். இரவில் அவருக்கு முன்னால் ஒரு பைக் செல்வதை உணர்த்துவது எரியும் டெயில் லேம்ப்பும் அழுக்கில்லாத சிவப்பு ரிஃப்ளெக்டரும்தான். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்ச் வேலை செய்யாதவை எத்தனை என்பதைக் கண்டவர்களுக்கு, சைலன்சருக்குச் செலவிடப்படும் பணத்தை எண்ணி வருத்தமே எஞ்சும். நடந்து செல்பவர் சத்தம் கேட்டு விலகுகிறார் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் அந்த வேலைக்கு ஹாரன் இருக்கிறது. அது முன்னோக்கி ஒலிப்பது, தேவைப்படும் கணத்தில் மட்டும் ஒலிப்பது. ஆதலால் கேட்பவருக்கு அது செய்தியாகிறது. ஓயாத முழக்கமோ எதையும் அறிவிப்பதில்லை. முதியவரையும் மாட்டையும் திடுக்கிடச் செய்து, எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் குறுக்கே பாயவைப்பதும் உண்டு.

இதுவரை சொல்லப்பட்டவை மற்றவர் காதைப் பற்றியவை. பட்டறைத் தொழில் கற்றுத்தரும் முதன்மையான உண்மை ஓட்டுபவரின் காதைப் பற்றியது. சாலைப் பாதுகாப்புப் பேச்சில் இதற்கு உரிய இடம் கிடைப்பதேயில்லை. ஓர் ஓசை இன்னோர் ஓசையைக் கேட்கவிடாமல் செய்வதை ஒலியியலில் மறைப்பு என்பர். உட்செவியில் சுருண்டிருக்கும் சவ்வில் உயர்சுருதி ஓசைகள் வாயிற்புறத்திலும் தாழ்சுருதி ஓசைகள் உள்முனையிலும் உணரப்படுகின்றன. தாழ்சுருதி அலை உள்முனையை அடைய வாயிற்புறத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், போகும் வழியில் உயர்சுருதி உணரும் பகுதியையும் அசைத்துவிட்டுப் போகிறது. எனவே ஆழ்ந்த முழக்கம் மெல்லிய கீச்சொலியை எளிதில் மறைக்கும். கீச்சொலியால் முழக்கத்தை மறைக்க இயலாது. பைக்கில் பழுதின் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த ஓசைகளாகவே தொடங்குகின்றன. எண்ணெய் காய்ந்த செயின் சரசரக்கும். தளர்ந்த செயின் பள்ளத்தில் இறங்கும்போது செயின் கவரில் தட்டும். வீல் பேரிங் தேயத் தொடங்கும்போது குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இரையும். பிரேக் ஷூவின் உராய்பட்டை தேய்ந்து உலோகம் தொடும்போது கீச்சிடும். கிராங்க் பக்கத்துப் பிக் எண்ட் பேரிங் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கையில் டொக்கென்று ஒலிக்கும். பட்டறை அனுபவத்தில் மாற்றுச் சைலன்சர் பூட்டிய வண்டிகள் இவ்வகைப் பழுதுகள் முற்றிய நிலையிலேயே வருகின்றன. பேரிங் சில நூறு ரூபாயில் மாற்றத்தக்கதாக இருந்த காலம் கடந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் தேய்ந்து ஆடும் வரை அவற்றின் உரிமையாளர்களுக்கு ஒன்றும் தெரிந்திருப்பதில்லை. தேய்ந்த பேரிங்கோடு வளைவில் சாய்வதும், இறுகிய செயின் நெடுஞ்சாலையில் அறுந்து பின்சக்கரத்தைப் பூட்டுவதும் ஓட்டுபவரைக் கீழே தள்ளக்கூடியவை.

வண்டிக்கு வெளியிலிருந்து வரும் எச்சரிக்கைகளுக்கும் இதுவே பொருந்தும். இடப்புறம் நெருங்கும் மாநகரப் பேருந்தின் ஏர் பிரேக் சீற்றம், தொலைவில் வரும் ஆம்புலன்ஸின் சைரன், முந்த முயலும் காரின் டயர் ஓசை ஆகியவை கண்ணாடியில் தெரிவதற்கு முன் காதில் விழுபவை. பின்னிருக்கையில் அமர்ந்த பெண்ணின் துப்பட்டாவோ சேலை முந்தானையோ சக்கரத்தில் சிக்கும்போது, ஓட்டுபவருக்கு முதலில் கிட்டுவது அவரது அலறல்தான். பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்புக் கம்பி வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லியிருந்தும், அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுச் சத்தமான சைலன்சர் பூட்டிக்கொண்டு செல்லும் வண்டிகளைப் பார்க்கும்போது தொழிலறிந்தவர் மனம் பதறுவது அதனால்தான்.

ஹெல்மெட் காதை மூடுவதால் சத்தம் ஓட்டுபவரைத் தாக்காது என்று சிலர் கூறுவர். ஹெல்மெட்டின் உட்பஞ்சு உயர்சுருதியைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்சுருதியைத் தடுப்பதில்லை. ஆகவே முழக்கம் உள்ளே வருகிறது, எச்சரிக்கை ஓசைகள் மேலும் மங்குகின்றன. இதற்காக ஹெல்மெட்டைக் கழற்றுவது தற்கொலைக்கு ஒப்பு. 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்த இருசக்கர வாகனப் பயணிகள் 50,029 பேர். குறைக்க வேண்டியது முழக்கத்தையே. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சலே ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலைத் தாண்டிவிடுவதால், நீண்ட தூரம் செல்பவர்கள் காதில் நுரைப் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. ஒட்டுமொத்த இரைச்சல் தாழும்போது காது தெளிவாகப் பிரித்துக் கேட்கிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது, ஆதலால் 100 டெசிபலில் 15 நிமிடமே காது தாங்கும். கேள்வி இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் தொடங்குகிறது. அது மெய்யெழுத்துகளின் நுண்ணொலிகளும் விசிலும் பிரேக்கின் கீச்சொலியும் அடங்கும் பகுதி. கேள்வி குன்றிய மெக்கானிக்கிற்கு டேப்பெட் ஓசை முதலில் தொலைகிறது. சத்தமான வண்டிகளை மூடிய ஷெட்டுக்குள் முறுக்கிப் பார்த்தே நாள் கழித்தவர்கள், இளம் வயதிலேயே உதவியாளரிடம் ‘கேட்டுச் சொல்லுப்பா’ என்று கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அது தொழிலாளியின் முதலீட்டையே பறிக்கும் இழப்பு. இதைத் தொழில்நோயாக எவரும் பேசாதது வேதனைக்குரியது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 120 ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலித் தரத்தை மீறி ஓட்டுபவருக்குப் பிரிவு 190(2)-ன்படி முதல் முறையிலேயே 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் செல்லாது போகும். வண்டியை அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளர் மீது பிரிவு 182அ பாயும். பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சி செய்தியாகிறது. ஆயினும் அவற்றைப் பூட்டிக் கொடுத்த கைகள் பட்டறைக்காரர்களுடையவை. தண்டனை ஓட்டுபவரோடு நின்றுவிடுவதை இத்தொழிலினர் நிம்மதியாகக் கருதலாகாது. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகப் பிரேக் ஷூவைக் கழற்றித் தர எந்த நல்ல மெக்கானிக்கும் சம்மதிப்பதில்லை. சைலன்சரையும் அதே கண்டிப்புடன் காக்க வேண்டும்.

சத்தம் கேட்டு வரும் இளைஞரை வெறுமனே மறுத்து அனுப்பினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவருடைய அச்சம் உண்மையானது, தம்மைப் பெரிய வாகனங்கள் கவனிப்பதில்லை என்ற அச்சம். அதற்கு விடை தருவதே பட்டறையின் கடமை. 60 கிலோமீட்டர் வேகத்தில் முன், பின் பிரேக்குகள் இரண்டும் நன்றாகப் பிடிக்கும் வண்டி ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 40 மீட்டர் வரை ஓடும். ஹர்ட் அறிக்கையிலும், பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கியவர்களும் முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாதவர்களுமே மிகுதி. சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வந்துவிடும். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு தானே எரிவது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய வண்டியாக இருந்தால் பகலிலும் விளக்கைப் போடச் சொல்லலாம். பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற மேலங்கி எதிரே திரும்ப நிற்கும் கார் ஓட்டுநரின் கண்ணில் படும். மழையில் மங்கிப்போன பழைய ஹாரனை மாற்றித் தருவதும் இந்த வரிசையில் சேரும். இவ்வளவும் செய்து அனுப்பிய வாடிக்கையாளர்களில் பலர் சைலன்சர் பேச்சை மறுபடி எடுப்பதில்லை. சிலர் எடுக்கவே செய்கிறார்கள்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிய பிறகு, இவ்விவாதம் வேறொரு பக்கத்திலிருந்தும் ஒளி பெறுகிறது. எஞ்சின் ஓசையற்ற இவ்வண்டிகள் குறுகிய தெருக்களில் மெதுவாக வரும்போது நடப்பவர்கள் கவனியாமல் போவது உண்மை. பார்வையற்றவர்களுக்கு அது கடுமையான சிக்கல், அதற்கென மெல்லிய எச்சரிக்கை ஓசை தேவைப்படுவதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு 95 டெசிபல் வேண்டியதில்லை. பட்டறைப் பக்கத்தில் கண்ட மாற்றம் இன்னொன்று. பெட்ரோல் வண்டியில் பல ஆண்டுகள் எதையும் கவனிக்காதவர்கள், மின்சார ஸ்கூட்டருக்கு மாறிய சில வாரங்களில், பின்சக்கரத்தில் ஏதோ உரசுகிறது, திரும்பும்போது முன்புறம் கடகடக்கிறது என்று வந்து நிற்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் டிஸ்க் பிரேக் காலிப்பரின் ஊசி இறுகியிருக்கும். ஸ்டீயரிங் பால் ரேஸ், அதாவது ஹேண்டில் தண்டைத் தாங்கும் குண்டு வளையம், சற்றுத் தளர்ந்திருக்கும். காலிப்பர் ஊசியைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவவும், பால் ரேஸை முறுக்கிச் சரிசெய்யவும் அரைமணி நேரம் போதும்; பேடும் டிஸ்க்கும் தேய்வதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது.